கவர்னருக்கு விழாத வாக்கு

மோர்னிங்சைட், ரொறன்ரோ
பெப்ரவரி 6

அன்புள்ள நவரட்ணம் அண்ணைக்கு,

அன்ரனெற் எழுதுகிறேன். கல்கரியில் நீங்களும் மகள் பிரதீபாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூன்று கிழமையாக ரெலிபோன் அடித்து அலுத்துவிட்டேன். நீங்கள் எடுக்கிறீர்கள் இல்லை. கடிதத்தையாவது கிழிக்காமல் வாசியுங்கோ.

இங்கே குளிர் போதும் போதும் என்றாகிவிட்டது. அதைவிடப் பெரிய பாடு என்னுடைய மனிசன், உங்கள் சிநேகிதர் பஸ்ரியனோடு பட்ட பாடு. விடிந்தால் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல், பொழுதுபட்டால் அதுவே. கட்சிக்குள்ளேயே இன்னும் ஆளைத் தெரிவு செய்து முடியவில்லை. அதற்குள் போட்டியில் கவர்னர் முன்னுக்கு நிற்கிறார், செனற்றர் அம்மா இரண்டு புள்ளி ஏறிவிட்டா, எந்தக் கட்சிக்குச் செல்வாக்குக் கூட என்று என்னைப் பிடித்து வைத்து விளக்கம். கறி அடிப்பிடிக்குது என்றால், "அயோவாவில என்ன நடக்குது தெரியுமோ?" என்பார். அயோவா எங்கே கிடந்தால் எனக்கென்ன? எங்களில் ஒருவருக்கும் அங்கே வாக்கில்லை.

முதியோர் சங்கத்தில் அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இன்னும் பத்திக்கொண்டு வருகிறது. வாய்த்தர்க்கம் முடியவில்லை என்று பிஸ்கற் ரின்னில் ஓட்டை போட்டு நீங்கள் எல்லாருமாக ஒரு தேர்தல் வைத்தீர்கள். சின்னப்பிள்ளைகள்கூட இப்படி விளையாடாது. நீங்கள் செனற்றரின் ஆள். ஆனாலும் இவருடைய நெஞ்சு வருத்தம் தெரிந்து, "சரி பஸ்ரி, இந்தமுறை உனக்காகக் கவர்னருக்குப் போடுறன்" என்று சொன்னீர்கள். உங்களையும் என்னையும் சேர்த்து ஆறு வாக்கு நிச்சயம் என்று இவர் விரல் மடித்து வைத்திருந்தார். எண்ணிப் பார்த்தால் கவர்னருக்கு ஐந்து, செனற்றருக்கு ஆறு.

உடனே உங்களைப் பார்த்து, "முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு கதைக்கிறவன்" என்று கத்தினார். இங்கே பார்க்டேலில் ஒரே அறையில் ஐந்து வருசம் கூடப் படுத்தெழும்பிய மனிசனுக்குச் சொல்கிற சொல்லா அது? நீங்கள் எழும்பி ஜக்கெற்றைப் போட்டீர்கள், என்னை ஒருக்கால் பார்த்தீர்கள், ஊற்றி வைத்த தேத்தண்ணியையும் தொடாமல் போய்விட்டீர்கள். பிறகு கல்கரிக்கு மகளிடமே போய்விட்டீர்கள்.

அண்ணை, நீங்கள் சொன்னபடிதான் போட்டீர்கள். செனற்றருக்குப் போட்டது நான். உங்களுக்கு அப்போதே விளங்கியிருக்கும். என்னைக் காட்டிக்கொடுக்காமல் போனீர்கள்.

ஏன் போட்டாய் என்று கேட்டால், ரீவி விவாதத்தில் மற்றவர்கள் கதைக்கும்போது வாயை மூடிக் கேட்டுக்கொண்டு நின்றது அந்த மனிசி ஒருத்திதான். நாற்பது வருசமாக எனக்கு அப்படிக் கேட்க ஓர் ஆள் வாய்க்கவில்லை. நீ யாருக்குப் போட்டாய் என்று இவர் இன்றுவரை என்னைக் கேட்கவும் இல்லை. கட்டின மனிசியின் வாக்கு தன்னுடைய பொக்கற்றுக்குள் கிடக்கிறது என்ற நினைப்பு. ஆனாலும் நான் அன்றைக்கே வாயைத் திறந்திருக்க வேண்டும். அத்தனை பேருக்கு முன்னால் பயந்துவிட்டேன். நாள் போகப் போக வெட்கமும் சேர்ந்துகொண்டது. பிழை என்னுடையது.

இப்போது இவர் ரீவியே போடுகிறாரில்லை. வீடு அமைதியாக இருந்தால் நல்லது என்று எத்தனை நாள் புறுபுறுத்திருப்பேன். இந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை.

வருகிற இருபதாம் திகதி இவருக்கு நெஞ்சில் ஓப்பரேசன். மூன்று இரத்தக் குழாய் அடைத்துக் கிடக்கிறதாம். இந்த வயதில் ஆபத்து இல்லை என்று சொல்லமுடியாது என்றார் டொக்டர். நேற்று ஆஸ்பத்திரியில் அனுமதிப் போம் நிரப்பினோம். மனைவியைத் தவிர வேறு யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று நேர்ஸ் கேட்டா. மகன் றொய்சன் பக்கத்தில்தான் நின்றான். இவர் தலை நிமிராமல் உங்கள் பெயரையும் நம்பரையும் சொன்னார். என்ன உறவுமுறை என்று கேட்க, "பிறதர்" என்றார்.

இருபதாம் திகதிக்கு முன்னர் வாருங்கோ. உங்களையும் வைத்துக்கொண்டு நானே இவரிடம் சொல்கிறேன். தனியே சொல்ல எனக்குத் துணிவில்லை. பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னை ஏசுங்கோ. எவ்வளவு நேரமென்றாலும் ஏசுங்கோ. அதைக் கேட்கத்தான் ஆசையாக இருக்கிறது.

மாதாவும் உங்கள் பிள்ளையாரும் உங்களை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் அன்புத் தங்கச்சி,
அன்ரனெற்