டைமிங்குக்கு ஒரு காது

அன்பு மகனுக்கு, நானும் உன் அம்மாவும் சௌக்கியம், வண்டியும் சௌக்கியம், அதை விற்பதாக இல்லை. நான் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதுகிறாள், காரமான இடத்தில் தண்ணீர் விட்டுத்தான் எழுதுவாள், நீ இரண்டு மடங்கு காரமாகப் படித்துக்கொள்.

பழைய பாலம் உட்கார்ந்துபோய், மாவு மில் பற்றி எரிந்து, நீ முன்பல்லை உடைத்துக்கொண்டு வந்தாயே, அந்த வருஷம் வாங்கிய வண்டி இது. நீ அனுப்பிய தரகர் வந்து சுற்றிப் பார்த்தார். ஏத்தத்துல இழுக்கலை, பெட்ரோலைக் குடிக்குது, பெருசுக்குக் காதும் போச்சு, பேசாம இரும்பு விலைக்குத் தள்ளுங்க என்றார். எனக்கு வந்ததே கோபம். வர்ற ஞாயிறு வாங்க, உங்களையும் ஏத்திக்கிட்டு டாப் கியர்லயே மேம்பாலம் ஏறும், ஏறலைன்னா சாவியை நானே தர்றேன் என்று சொல்லிவிட்டேன்.

டைமிங் பின்னால் போயிருந்தது, அவ்வளவுதான். பொறி தாமதமாக அடித்தால் எந்த எஞ்சினும் சோம்பேறிதான். டிஸ்டிரிபியூட்டர் போல்ட்டைத் தளர்த்தி மயிரிழை திருப்பினேன், சீறியது. ஆனால் அளவு மீறினால் ஏற்றத்தில் டப்பாவில் ஆணி குலுக்கினாற்போல ஒரு தட்டல் வரும், விட்டால் பிஸ்டனையே தின்றுவிடும். அந்தத் தட்டல்தான் எனக்குக் கேட்கவில்லை. ஹார்ன் கேட்கிறது, போனில் நீ கத்துவது கேட்கிறது, அது மட்டும் கேட்கவில்லை. சோதித்துப் பார்க்க மேம்பாலத்தில் பாதி ஏறும்போது பக்கத்து சீட்டிலிருந்த உன் அம்மா என் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டாள், தட்டுதுய்யா, செவிட்டு மனுஷா, பின்னால திருப்பு என்றாள். இதை எழுதமாட்டேன் என்கிறாள், எழுது என்கிறேன். இறங்கித் திருப்பினேன், மறுபடி ஏறினோம், மறுபடி அடி. கடைசித் தடவை கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிறன்று தரகரைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு டாப் கியரிலேயே மேம்பாலம் ஏறியது. இறங்கும்போது விலையை ஏற்றிக் கேட்டார். இன்னொரு தடவை கேட்டா உங்களையும் சேர்த்து வித்துடுவேன் என்று அனுப்பிவைத்தேன்.

நீயும் மருமகளும் பிள்ளைகளும் நோய்நொடி அண்டாமல் இருங்கள். உன் வண்டிக்கு ஆயில் மாற்று, போன தடவையே சொன்னேன். காது போன பிறகு கார் எதற்கு என்று இனி எழுதாதே. இந்த எஞ்சினின் குரல் தெரிந்த வெல்டிங் கடைக்காரர் போய்விட்டார், லாரி ஓட்டிய உன் பெரிய மாமா போய்விட்டார், என் காதும் அவர்கள் பின்னாலேயே போய்விட்டது. விலை பேசியே தீருவேன் என்றால் அந்தக் குரலைக் கேட்கத் தெரிந்தவர்களில் உயிரோடு இருக்கிற ஒரே ஆளிடம் பேசு, உன் அம்மாவிடம்.

இப்படிக்கு,
சொன்னது அப்பா