கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியது

நேற்று சாயங்காலம் வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் மயிலாப்பூர் வந்துகொண்டிருந்தேன். திருவான்மியூரில் நாலைந்து பெண்கள் ஏறினார்கள். முழங்காலில் பட்டை, தோளில் வாலிபால் போட்ட வலைப்பை. ஏறியதும் பெட்டி முழுக்க அந்த வலி மருந்து வாசனை. கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் நீ உட்கார்ந்து விரலுக்குப் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டிருக்கிறாய் என்றே ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன்.

கண்ணைத் திறந்தால் அவர்களில் ஒருத்தி தடிமனான ஆங்கில நாவல் ஒன்றில் மூழ்கியிருக்கிறாள். அட்டையில் ஐஸ் ஹாக்கி மட்டையோடு ஒருத்தன், அவன் முதுகில் சாய்ந்தபடி ஒருத்தி. என்னால் சும்மா இருக்க முடியுமா? "என்னம்மா கதை?" என்று கேட்டேன்.

"ஸ்போர்ட்ஸ் ரொமான்ஸ் ஆன்ட்டி. இப்ப எல்லாரும் இதான் படிக்கறாங்க."

"அவன் ஆடறான். அவ என்ன பண்றா?"

"அவளும் ஆடறா. லேடீஸ் டீம்ல கோல்கீப்பர்."

"கடைசில அவ ஆட்டத்த விட்டுடறாளா?"

"ஏன் விடணும்?" என்றாள் அந்தப் பெண். நான் ஏதோ கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி பார்த்தாள். ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது இதை உன்னிடம் உடனே சொல்ல வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. குளத்தங்கரை வந்த பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. எனக்கு இன்னும் பழகவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாம் பழக்கமானதே நாவல்களின் கடைசிப் பக்கத்தில்தான். மாட வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், தன் வீட்டு முன்னறையில் வாடகை நூலகம் வைத்திருந்தாரே மாமா, அவருடைய மேஜைக் காலில் சணல் கட்டி ஒரு பென்சில் தொங்கும். நாவலைத் திருப்பித் தருகிறவர்கள் பின்னால் இருக்கும் காலிப் பக்கத்தில் இரண்டு வரி அபிப்பிராயம் எழுதலாம். பெயர் போடக் கூடாது, பேனா கூடவே கூடாது. பக்கம் நிறைந்ததும் மாமா ரப்பரால் அழித்துவிட்டு அடுத்தவர்களுக்கு இடம் விடுவார். 'அழுகை வந்துவிட்டது', 'முடிவு சொதப்பல்', 'மாமியார் எங்காத்து மாமியார் மாதிரியே' என்று மயிலாப்பூரே அங்கே மனசைக் கொட்டிக்கொண்டிருந்தது. நான் கதைக்கு முன்னால் அந்தப் பக்கத்தைத்தான் படிப்பேன்.

அதில் ஒரு கையெழுத்து மட்டும் தனியாகத் தெரியும். கொட்டை கொட்டையான எழுத்து. ஓட்டப்பந்தய வீரன் ஒருவனின் காதல் கதையில், 'வார்ம் அப் பண்ணாம நூறு மீட்டர் ஓடறான். தொட தசை கிழிஞ்சிடும். அப்பறம் எங்க லவ் பண்றது?' டென்னிஸ் வீரன் கதையில், 'ஆறு மாசமா பிராக்டீஸே போகல. கப்பு மட்டும் வாங்கிட்டான்.' எனக்குக் கோபமாக வந்தது. காதல் கதையில் போய் யாராவது தொடைத் தசையைப் பார்ப்பார்களா? கீழே எழுதினேன்: 'காதலைப் பற்றிச் சொல்லவும். உடற்பயிற்சி வகுப்பு வேண்டாம்.' அடுத்த வாரம் அதற்குக் கீழே உன் பதில் இருந்தது. 'காதல் நல்லாதான் கீது. ஆனா அவன் ஆடச்சொல்ல இவ கேலரில குந்திக்கினு கை தட்டறா. இவளுக்கு வேற வேலையே இல்லியா?'

நீ கேட்டது நியாயம்தான். அதுதான் எரிச்சல். மூன்று மாதம் இப்படியே முகம் தெரியாமல் சண்டை போட்டோம். ஒரு சனிக்கிழமை, வியர்வையில் நனைந்த பனியனும் டிராக் பேன்ட்டுமாக ஒருத்தி வந்து, அந்தப் பென்சிலைப் பிடித்துக் கொட்டை எழுத்தில் எழுதுவதைப் பார்த்தேன். "நீங்கதானா அது?" என்றேன். நீ என்னை மேலும் கீழும் பார்த்தாய். "ஓ, எக்சர்சைஸ் கிளாஸ் வோணாம்னது நீதானா?" என்று சிரித்தாய். எடுத்த எடுப்பிலேயே 'நீ' போட்டுவிட்டாய்.

அடையாற்றங்கரைக் குடியிருப்பில் பிறந்து, வாலிபால் ஆடியே விளையாட்டுக் கோட்டாவில் குமாஸ்தா வேலை வாங்கியவள் நீ. உன் அலுவலகமும் தி.நகர், என்னுடையதும் தி.நகர். பிறகென்ன, தினமும் 12பி பஸ்ஸில் நின்றுகொண்டே விமர்சனம்தான். அலுவலகக் காதல் நாவல்களை நான் உருகி உருகிச் சொல்வேன். நீ ஒரே வரியில் காலி பண்ணுவாய். "டைப்பிஸ்ட்டுன்னா கார்ல வர்ற மொதலாளிதான் லவ் பண்ணணுமா? 12பில தொங்கிக்கினு வர்றவன் பண்ணக் கூடாதா?" பின்னால் படியில் தொங்கியவன் திரும்பிப் பார்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

விளையாட்டுக் காதல் கதைகளில் உனக்கு இரண்டு குறை. ஒன்று, எல்லாக் கதாநாயகனும் ஓங்கி அடிக்கிறவனாகவே இருப்பது. நீ செட்டர். மற்றவர்கள் அடிப்பதற்கு வாகாகப் பந்தை மேலே எடுத்துக் கொடுக்கிற ஆள். "அடிக்கறவன பத்தி அத்தினி பேரும் எழுதறான். எடுத்துக் குடுக்கறவள பத்தி ஒருத்தனாச்சும் எழுதறானா பாரு" என்பாய். இன்னொன்று, எல்லாக் கதையும் மாலையும் கழுத்துமாக முடிவது. "மறுநாள் காலைல கிரவுண்டுக்கு போனாளா இல்லியா? அத சொல்லாம முற்றும்னு போட்டா இன்னா அர்த்தம்?"

அந்தக் கேள்வி உன் வாசலுக்கே வந்தது. ஆண்கள் அணியில் தடுப்பாட்டக்காரன் ஒருத்தன் இருந்தான். ஆறடிக்கு மேல் உயரம், பேச்சு மட்டும் அரையடி. நீ அவனை நெட்டை என்றுதான் கூப்பிடுவாய். இரண்டு வருஷம் உன் பின்னாலேயே பந்து பொறுக்கிக்கொண்டு சுற்றிவிட்டு, ஒருநாள் கல்யாணம் பண்ணிக்கலாமா என்று கேட்டுவிட்டான். உனக்கும் ஆசைதான். பெண் பார்க்க வந்த அவன் அம்மாவும் நல்ல மாதிரியாகத்தான் பேசினாள், கிளம்பும்போது சொன்ன ஒரு வார்த்தையைத் தவிர: "வேலைக்கு போவட்டும். இந்த பந்தாட்டம் மட்டும் வோணாம்." நெட்டை பக்கத்திலேயே நின்றான். வாயைத் திறக்கவில்லை.

மாநில அணித் தேர்வுக்கு இரண்டே மாதம் இருந்தது. அதற்காக எத்தனை வருஷம் விடிகாலையில் எழுந்து ஓடியிருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாய்: "வுட்டுடலாம்னு பாக்கறேன்டி. இவன் மாதிரி ஒருத்தன் திரும்ப கிடைப்பானா?" கூடாதுடி என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் நான் சொன்னது, "உன் இஷ்டம்." அவ்வளவுதான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன்.

சொல்லாததையெல்லாம் எங்கே கொட்டினேன் என்பது உனக்கும் எனக்கும் தெரியும். கையில் அப்போது ஒரு மாத நாவல் இருந்தது. டேபிள் டென்னிஸ் ஆடுகிற ஒருத்தி, கல்யாணத்துக்கு முதல் நாள் மட்டையைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டுக் கழுத்தை நீட்டுகிற கதை. நூலகத்தில் நின்றபடியே பென்சிலைப் பிடித்தேன். 'இந்த முடிவுக்குக் கை தட்டுகிறவர்கள் கவனிக்கவும். இதே கதை நம் ஊர் வாலிபால் மைதானம் ஒன்றில் நடந்துகொண்டிருக்கிறது. அவள் செட்டர். அவன் நெட்டை. அவனுக்குத் தேவை அவள் இல்லை, ஒரு சமையற்காரி. அதை அவனிடம் சொல்ல அவளுக்கும் துணிச்சல் இல்லை.' பெயர் போடவில்லை, ஆகவே தப்பில்லை என்று நினைத்துக்கொண்டேன். என்ன ஒரு அசட்டுத்தனம்!

அதே நாவலை அடுத்த வாரம் நீ எடுத்தாய். நான்தான் பஸ்ஸில் கதை முழுக்கச் சொல்லியிருந்தேனே, நீ பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கொண்டுபோய் நெட்டையிடம் கொடுத்து, "இத படிச்சிட்டு எப்படி கீதுன்னு சொல்லு" என்றாய். ஆட்டத்தை விட உனக்கு மனசில்லை என்பதை உனக்குப் பதிலாக அந்தக் கதை சொல்லிவிடும் என்று நம்பினாய். அவன் கதையையும் படித்தான், கடைசிப் பக்கத்தையும் படித்தான். நாவலை யார் மூலமாகவோ நூலகத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, மறுநாள் முதல் மைதானத்துக்கு வராமல் நின்றுவிட்டான். கடைசிப் பக்கத்தில் என்ன இருந்தது என்பது அவனோடு ஆடுகிறவன் ஒருத்தன் சொல்லித்தான் உனக்குத் தெரிந்தது; எழுதியது யார் என்பது கேட்டதுமே தெரிந்துவிட்டது.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் என் அலுவலகத்துக்கே வந்துவிட்டாய். நான் தயிர்சாத டப்பாவைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். "இன்னாடி, என் வாழ்க்கைக்கு விமர்சனம் எழுதினியா?" என்றாய். குரல் உயரவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "எனுக்கு துணிச்சல் இல்லன்னு எழுதினியே. அத என் மூஞ்சிய பாத்து சொல்ல உனுக்கு இருந்துச்சா?" பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாய். அதன் பிறகு நீ வேறு பஸ்ஸில் போக ஆரம்பித்தாய். எனக்கு நாவல் எதுவும் ஓடவில்லை. எந்தக் கதாநாயகி அழுதாலும் நீதான் தெரிந்தாய்.

ஒரு மாதம் கழித்து, எழுதியதை அழித்துவிடலாம் என்று நூலகத்துக்குப் போனேன். மாமா அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தார். "யாருன்னே தெரியலைடிம்மா, பேனாவால எழுதி வெச்சிருக்கா. ரப்பர் போட்டுத் தேய்ச்சா பேப்பர்தான் கிழியறது" என்றார். வாங்கிப் பார்த்தேன். என் பென்சில் வரிகளுக்குக் கீழே நீல மையில் கோணல்மாணலாக இருந்தது: 'இத எழுதினது அவ இல்ல. அவ எழுத்து கொட்டையா இருக்கும். நான் ஆட்டத்த விட சொல்லல, அம்மா சொன்னாங்க. ஆனா நான் பக்கத்துல நின்னுக்கினு சும்மா இருந்தேன். அது நானே சொன்ன மாதிரிதான். வெக்கமா கீது. அதான் கிரவுண்டுக்கு போகல.'

மாமா பின்னால் கூப்பிடக் கூப்பிடப் புத்தகத்தோடு ஓடினேன். மைதானத்தில் நீ தனியாகச் சுவரில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாய். நான் எதுவும் சொல்லாமல் புத்தகத்தை நீட்டப் போனேன். பிறகு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, உன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "நான் எழுதினது தப்பு. ஆனா நீ ஆட்டத்த விடக் கூடாதுன்னு நினைக்கறது தப்பில்ல. அத அன்னிக்கே பஸ்ல சொல்லியிருக்கணும்." என் வாழ்க்கையில் நேருக்கு நேர் நான் சொன்ன முதல் அபிப்பிராயம் அது. அதற்கப்புறம்தான் புத்தகத்தை நீட்டினேன். நீ புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாய்.

அன்றைக்கே என்னையும் இழுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாய். நெட்டை வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். "மூணு பேருக்கும் வாயி கீதுல்ல? அப்பறம் இன்னாத்துக்கு ஒரு பொஸ்தகத்த தூது வுட்டுக்கினு கீறோம்? இவ எழுதறா, நீ எழுதற, நான் எதுவும் சொல்லாம அத உன் கைல குடுக்கறேன். நல்லா கீது கூத்து!" என்று கத்தினாய். பிறகு குரலைத் தாழ்த்தி அவனிடம், "நான் ஆடுவேன். கல்யாணம் ஆனாலும் ஆடுவேன். இப்ப நீ பேசு" என்றாய். அவன் காற்றடிக்கும் பம்ப்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே பார்த்து, "யம்மா, கொஞ்சம் வெளிய வா" என்றான்.

அவன் அம்மா பத்து நாள் அவனோடு பேசவில்லை. பதினோராம் நாள் பேசினாள், அதுவும் திட்டத்தான். ஆனால் கல்யாணம் நடந்தது. மாநில அணிக்கும் நீ தேர்வானாய். கல்யாணமான மூன்றாம் நாள் காலையில் மஞ்சள் கயிறு கழுத்தில் கிடக்க நீ மைதானத்தில் ஓடியதைப் பார்க்க நான் மயிலாப்பூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தேன். எந்த நாவலும் எழுதாத அந்த 'மறுநாள்' எனக்கு நேரிலேயே கிடைத்தது. அதற்கப்புறம் ஏழு வருஷம் ஆடினாய். நெட்டை கேலரியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கை தட்டுவான். பக்கத்தில் அவன் அம்மா, யாராவது உன்னை நோக்கிப் பலமாக அடித்தால் அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நாவல் படிப்பதை நான் விடவில்லை. ஆனால் படிக்கிற விதம் மாறிவிட்டது. காதலைச் சொல்கிற இடத்தில் இப்போதெல்லாம் நான் அவ்வளவாக உருகுவதில்லை. அவளுக்குப் பிடித்த ஒன்றுக்காக அவன் வாய் திறக்கிற இடம் எங்கே என்று தேடுகிறேன். அது இல்லாத கதை எத்தனை பக்கம் முத்தம் கொடுத்தாலும் எனக்குக் கதை இல்லை. நீ படுக்கையில் இருந்த கடைசி நாட்களில்கூட உன்னிடம் இதைப் பேசினேன். சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் உன் முகத்தைப் பார்த்தே சொன்னேன். உன்னிடம் சொல்லாமல் விட்டுவிட்டோமே என்று எனக்கு எந்தக் குறையும் இல்லை. எத்தனை பேருக்கு இப்படி வாய்க்கும்?

உனக்குத் தெரியாத செய்தி ஒன்று இருக்கிறது. என் பிள்ளைக்குப் போன மாதம் நிச்சயம் பண்ணினோம். அவனே பார்த்துக்கொண்ட பெண். அசோக் நகரில் குழந்தைகளுக்கு பாட்மிண்டன் சொல்லித் தருகிறாள். விடிகாலை ஐந்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். தட்டு மாற்றப் போகிற நேரத்தில் என் நாத்தனார் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "கல்யாணத்துக்கப்புறம் இதெல்லாம் விட்டுடுவாளோன்னோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பையனுடைய அம்மா நான்தானே. நான் என் பிள்ளையைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கெட்டவன் இல்லை, சாதுப் பையன், என்னை மாதிரி. "அவளுக்காக நான் பேச மாட்டேன்டா. நீ பேசு. இப்பவே, எல்லார் முன்னாடியும்" என்றேன்.

அவன் முகம் சிவந்துவிட்டது. தலையை நிமிர்த்தினான். "விட மாட்டா அத்தை. விடறதா இருந்தா எனக்கே இந்தக் கல்யாணத்துல சம்மதம் இல்ல" என்றான்.

கிளம்பும்போது அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர் அவ்வளவு பேர் முன்னாடி பேசுவார்னு நான் நினைக்கவே இல்ல ஆன்ட்டி. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேசாதவங்களையும் பேச வைக்கலாம்மா. என்னையே ஒருத்தி பேச வெச்சாளே" என்றேன்.