ஆடு பிடிக்கத் தெரியாதவள்

மார்ச் 4
கறிக்கு முத்திரை வைக்க வந்த மாட்டு டாக்டர், எங்கள் கறிக்கடை வாசலில் நின்று என் மகனிடம் ஒரு சேதி சொல்லிவிட்டுப் போனார். கால்நடை மருத்துவக் கல்லூரியில் இந்த வருடம் தனியாகச் சில இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்களாம். குடும்பத்தில் ஒருவரும் கல்லூரி வாசல் மிதிக்காத பிள்ளைகளுக்கு. "உங்க பொண்ணுதான் நல்லாப் படிக்குதே, எழுதிப் போடுங்க" என்றாராம்.

மகனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த டாக்டருக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்குமா? பேத்தி இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, கால் ஒடிந்த குட்டி ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு அவரிடம் போனாள். நீலச் சட்டை போட்டிருந்தார், மேல் பொத்தான் இல்லை. "கறிக்கடை வீட்டு ஆட்டுக்கு வைத்தியமா? ரெண்டு நாள் பொறு பாப்பா, உங்கப்பாவே குணப்படுத்திடுவாரு" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரிக்கிறேனா என்று அவள் அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்குத்தான் சொன்னாள், நானே டாக்டர் ஆகிறேன் என்று.

மார்ச் 19
எழுதிப் போட்டாயிற்று. டாக்டர்தான் கையெழுத்துப் போட்டார். நான் நன்றி சொல்லவில்லை. எனக்கும் சேர்த்து மகன் சொல்லிக்கொண்டான்.

மே 22
பேத்தி பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் தேறிவிட்டாள். நல்ல மார்க்காம். மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து சொல்கிறாள்: "நல்லா இருக்கு. அப்பன் ஒரு பக்கம் அறுக்க, பொண்ணு ஒரு பக்கம் தைக்கப் போறா." மகன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மருமகள் வாயில் நல்ல வார்த்தை வந்தால் அதையும் எழுதிவைக்க வேண்டும், அபூர்வம்.

இனி கல்லூரிக்கு வரச்சொல்லி நேரில் பார்ப்பார்களாம். ஒரு பிராணியைக் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்வார்களாம். இதற்கா பயம்? நடக்கப் பழகும்போதே ஆட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தவள். என் வீட்டுக்காரர் பிடித்த பிடி அது. ஆட்டை முழங்காலோடு அணைத்து, ஒரு கையைத் தாடைக்கு அடியில் கொடுத்து, மறு கையால் கண்ணை மூடினாற்போல் வைத்துக்கொள்வார். அவரைப் பார்த்து மகன், மகனைப் பார்த்து இவள். வாங்கி வந்த ஆட்டுக்கு மருந்து புகட்ட, குளம்பு சீவ, எல்லாவற்றுக்கும் இவள்தான் பிடிப்பாள். அறுக்கிற இடத்துக்கு மட்டும் மகன் இவளை விட்டதில்லை.

ஜூன் 10
டாக்டர் வீட்டுக்கே வந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை. பேத்தியைத் தனியாகக் கூப்பிட்டு, என் காதிலும் விழும்படி, "ஒண்ணு சொல்றேன்மா. அங்க போய் கறிக்கடைக்காரர் பொண்ணுன்னு காட்டிக்காத. கேட்டா அப்பா வியாபாரம்னு சொல்லு, போதும். ஒரு மாதிரி பார்ப்பாங்க" என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார் போல. அவள் சரி சரி என்று தலையாட்டினாள். நான் மடித்த துணியையே மறுபடி உதறி மடித்தேன்.

ஜூன் 14
அப்பனும் மகளும் கல்லூரிக்குப் போய்விட்டு வந்துவிட்டார்கள். மகனை வாசலிலேயே உட்கார வைத்துவிட்டார்களாம், உள்ளே நடந்தது அவனுக்குத் தெரியாது. அவள் வந்ததும் நேரே போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 15
மருமகள் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து என்னிடம் வந்து சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஆட்டைக் குடுத்தாங்க பாட்டி. கை தானாப் போயிடுச்சு, அப்பா பிடிக்கிற மாதிரி. அதுவும் என்மேல சாஞ்சுக்கிச்சு. எதிர்ல உக்காந்திருந்த மேடம் என் கையையே பாத்தாங்க. கறிக்கடை வீடுன்னு தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சு கையை எடுத்துட்டேன்."

பிறகு?

"எனக்கு முன்னால போன பொண்ணு கழுத்துக் கயித்தைத் தொட்டும் தொடாமப் பிடிச்சிருந்தா. நானும் அப்படிப் பிடிச்சேன். துள்ளி மேஜையில மோதி வெளிய ஓடிடுச்சு. உனக்கு ஆடுன்னா பயமாம்மான்னு அந்த மேடம் கேட்டாங்க. நல்ல மாதிரியாத்தான் கேட்டாங்க."

நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"ஆமான்னுட்டேன் பாட்டி."

அடிப்பாவி. ஆமான்னு சொன்னியா. ஆட்டுக்கு நடுவுல வளர்ந்தவ, பயம்னு சொன்னியா. கறிக்கடைன்னா என்ன, திருடியா சாப்பிட்டோம்?

இதையெல்லாம் நான் அவளிடம் கேட்கவில்லை. இங்கேதான் கேட்கிறேன். அவள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "அப்பாகிட்ட சொல்லிடாத. அவர் கையை நெனச்சு வெக்கப்பட்டேன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாரு."

ஜூலை 2
இடம் கிடைக்கவில்லை. மார்க் போதுமாம், விலங்குகளோடு பழக்கம் போதாதாம்.

மகன் கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறான், "பழக்கம் போதாதாம், கேட்டீங்களா? என் பொண்ணுக்கு!" கல்லூரிக்கே போய் நியாயம் கேட்கிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டான். நான் போய்க் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். "உனக்கு என்னம்மா, பேத்தி படிக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டான். கேட்கட்டும். கதவை விட்டு நகரவில்லை.

ஜூலை 9
முத்திரை வைக்க வந்த டாக்டர், "அடுத்த வருஷம் பார்க்கலாம், விடுங்க" என்றார். அந்தக் குட்டியாட்டு நாளுக்கு அப்புறம் இன்றைக்குத்தான் அவரிடம் வாய் திறந்தேன். "காட்டிக்காதன்னு சொன்னீங்களே டாக்டர். அவ கையைக்கூடக் காட்டிக்கல."

"என்னம்மா, புரியலையே?" என்றார்.

புரியாமலே இருக்கட்டும்.

ஜூலை 10
பாவம் டாக்டரும் என்று மருமகள் சொல்கிறாள். அவளுக்கு எல்லாரும் பாவம்.

ஆகஸ்ட் 3
இன்று சாப்பிடும்போது பேத்தி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நாளையிலேர்ந்து நானும் அறுக்கிற எடத்துக்கு வரேன்ப்பா."

மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். மகன், "அங்க உனக்கு என்னம்மா வேலை? அடுத்த வருஷம் திரும்ப எழுது" என்றான்.

"எழுத மாட்டேன். இது எனக்குத் தெரிஞ்ச வேலைதானே" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது ஆறியிருப்பேன். கோபமே இல்லை.

ஆகஸ்ட் 16
போகிறாள், வருகிறாள், குளிக்கிறாள், படுக்கிறாள். படித்த புத்தகங்களைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 27
மகன் அறுக்கிற கூடத்துக்குப் போன வேகத்தில் திரும்பி வந்தான். கையில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை. கதவுக்குப் பின்னால் என் பக்கத்தில், சின்னப் பையன் மாதிரி தரையில் உட்கார்ந்தான்.

"அவ பிடிச்சா ஒண்ணுகூட கத்த மாட்டேங்குதும்மா. கண்ணை மூடி காதுல என்னவோ சொல்றா, அது அவ மடியில தலையை வெச்சுத் தூங்குது. அப்புறம் நிமிர்ந்து பாக்காமலே 'ம், அப்பா'ங்கறா. அது அவளை நம்பிப் படுத்திருக்கும்மா. நான் எப்படிம்மா கத்தியை வெப்பேன்..."

அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். சொல்ல இருந்ததைத்தான் சொல்லாதே என்று பேத்தி வாக்கு வாங்கி வைத்திருக்கிறாளே.

ஆகஸ்ட் 28
இன்றும் கடை திறக்கவில்லை. கறிக்கு வந்தவர்களிடம் கத்தி சாணைக்குப் போயிருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.