பலகையில் அம்மா பெயர்

அக்டோபர் 5, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை.

பொய் சொல்லிவிட்டேன். வாயால் இல்லை, தலையால்.

நேற்று அம்மாவின் வலது கையில் மோதிர விரல் அசைந்தது. ஒரே ஒரு தடவை. பக்கவாதம் வந்து ஏழு மாதம், இதுதான் முதல் அசைவு. இன்று சபை வாசலில் செருப்பு கழற்றும்போது பாஸ்டரம்மாவிடம் அதை மட்டும்தான் சொன்னேன். அவர் உள்ளே போய் மைக்கைப் பிடித்து, "நம்ம சகோதரி மேரிக்கு கர்த்தர் கைய குடுத்துட்டாரு!" என்றார். ஒரே அல்லேலூயா. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "ஆமாதானே எஸ்தரு?" என்றார் மைக்கிலேயே. தலையை ஆட்டிவிட்டேன்.

சுவரில் கரும்பலகை. இடது பக்கம் விண்ணப்பம், வலது பக்கம் ஸ்தோத்திரம். அம்மா பெயரை இடது பக்கம் அழித்து, வலது பக்கம் எழுதினார்கள். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் சொல்லவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

ரோஸி அக்கா வரவில்லை. சபைக்கார அக்கா. திங்களும் வியாழனும் பத்து மணிக்கு வந்து ஒரு பக்கம் பிடிப்பார், நான் ஒரு பக்கம். அப்படித்தான் அம்மாவுக்குக் குளியல். அப்பா பெங்களூரில் கட்டட வேலை, மாதம் ஒரு தடவைதான் வருவார்.

பதினொன்று வரை வெந்நீர் ஆறியது. தனியாகத் தூக்கினேன். பாதியில் இருவரும் சுவரோடு சாய்ந்துவிட்டோம். ஈரத்துணியால் துடைத்ததோடு சரி.

அம்மா முதுகில் ஒரு இடம் சிவந்திருக்கிறது. புளியங்கொட்டை அளவு.

ரோஸி அக்காவைக் கூப்பிடப் போனை எடுத்தேன். வைத்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

சேவூர் பஸ் நிறுத்தத்தில் ரோஸி அக்கா. "உங்கம்மா இந்நேரம் எழுந்து காபி போட்டுகினு இருக்கும்னு நெனச்சேன். இன்னும் நடக்கலியா? அதுவும் வரும்டி. கர்த்தரு பாதியில வுட மாட்டாரு."

"அக்கா..." என்றேன். பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டார்.

வாங்க மறந்தது: உப்பு, தேங்காய் எண்ணெய், புண் மருந்து.

அக்டோபர் 8, புதன்

சரஸ்வதி அக்கா வீட்டுத் தறிக்குப் பாவு பிணைக்கப் போனேன். அம்மா செய்த வேலை. அம்மா விழுந்ததும் ஒன்பதாவதோடு பள்ளி நின்றது, வேலை எனக்கு வந்தது. பாவு என்றால் தறியின் நீளவாட்டு நூல். தீர்ந்துபோன பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் ஒரு இழை. விரலில் சாம்பல் தொட்டு முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கில்.

சரஸ்வதி அக்காவுக்கும் சேதி போயிருக்கிறது. "இன்னாடி, உங்க ஏசு உங்கம்மாவுக்கு கைய குடுத்துட்டாராமே! அப்போ அவளயே அனுப்பு, வேல ஜல்தியா முடியும்."

குனிந்துகொண்டேன்.

புடவைக் கரைக்கு வந்தபோது பழைய பாவில் அரக்கு இழை ஒன்று மிச்சம். எதிரே புதுப் பாவில் மஞ்சள் கரை தொடங்கிவிட்டது. நடுவில் எங்கேயோ ஒன்றை விட்டுவிட்டேன், அதற்குப் பிறகு எல்லாமே ஒன்று தள்ளி. "ஐய, பேஜாரா பூட்ச்சே! தீபாவளிக்குள்ள ஒரு பொடவையாவது எறக்கணும்னு சொன்னேனா இல்லியா?"

"மிச்சத்த வெட்டி வுட்டுடட்டுங்களா அக்கா?"

"வெட்டுவ, வெட்டுவ. எங்க வுட்டியோ அதுவரைக்கும் பிரி."

பிரித்தேன். பாதிக்கு மேல். விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. விரல் நுனியெல்லாம் எரிச்சல்.

அக்டோபர் 9, வியாழன்

இன்றும் அக்கா வரவில்லை. சிவந்த இடத்தில் தோல் உரிந்துவிட்டது.

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அவள் கோணிய வாயால், "ஊருக்கே சொல்ட்டாங்க. என் கைக்குத்தான் யாரும் சொல்லல போல."

இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் கேட்டாள்: "அப்போ ஜெபத்துல என் பேர எட்த்துட்டாங்களாடி?"



அக்டோபர் 10, வெள்ளி

உபவாச ஜெபம். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். சொல்லவில்லை.

இடது பக்கப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். அம்மா பெயர் இருந்த இடத்தில் வேறு யாருடையதோ வீட்டுப் பட்டா பிரச்சினை. அந்த ஒரு பெயரைச் சத்தமாகக் கேட்கத்தான் ஏழு மாதமாக நான் வெள்ளிக்கிழமை தவறாமல் போயிருக்கிறேன். இன்றுதான் தெரிந்தது.

அக்டோபர் 11, சனி

மழை. மதியத்திலிருந்து கரண்ட் இல்லை.

புண் பாயில் படாமல் இருக்க அம்மா முதுகுக்குக் கீழே என் கையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். கை மரத்துப் போனது. ஜெபிக்கப் பார்த்தேன். "இயேசப்பா" வரைக்கும் வந்தது. அடுத்த வார்த்தை வரவில்லை. ஏழு மாதமாகக் கேட்டதையே திரும்பக் கேட்க எனக்கே அலுப்பு.

விரல் அசையவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் இயேசப்பா பக்கத்திலிருந்து எழுந்து போய்விட்ட மாதிரி இல்லை. எனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அம்மாவைத் தூக்க முடியாமல் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேனே, அந்த மாதிரி. அது போதுமா? போதாது. புண் ஆற வேண்டும். ஆனால் பொய்யை மடியில் வைத்துக்கொண்டு அவரிடம் இன்னொன்று கேட்க முடியவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

வெயில். பாய், போர்வை, எல்லாம் வெளியே போட்டேன்.

சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்துவிட்டேன். மைக் வேண்டாம் என்றேன்.

"அம்மாவுக்கு சரியாகல. ஒரு வெரலு ஒரு தடவ அசைஞ்சது. அவ்வளவுதான். போன வாரம் நான் தலையாட்டுனது பொய்யி. முதுகுல புண்ணு வந்துடுச்சி. என்னால தனியா தூக்க முடியல."

பின்வரிசையில் ஒரு குரல், "விசுவாசம் இல்ல. அதான் வந்த சுகமும் போயிடுச்சி." பாஸ்டரம்மா என்னைப் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து வந்து சுண்ணாம்புக்கட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

வலது பக்கம் நானே அழித்தேன். இடது பக்கம் கடைசியில்தான் இடம். மேரி. எழுத்து கோணல்.

வெளியே ரோஸி அக்கா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். "வாய் இல்லியாடி ஒனக்கு? ஒரு வாரமா அவள எப்படிடி பொரட்டுன?" அழுதுகொண்டே திட்டினார்.

அம்மாவிடம் சொன்னேன். "கடைசியிலயா எழுதுன?" என்று மட்டும் கேட்டாள்.

கை அப்படியேதான் இருக்கிறது.

நாளை திங்கள். பத்து மணிக்குள் வெந்நீர் வைக்க வேண்டும்.