மடைமுறை ஏட்டில் இரட்டைப் பக்கம்

இன்று காலை அய்யனார் கோயிலில் ஏட்டின் படங்கள் இருக்கும் டிஸ்க் பெட்டியைத் திறந்தேன். சூடமும் காய்ந்த வேப்பிலையும் கலந்த வாசத்தில் உன் ஞாபகம் வந்துவிட்டது. பூச்சி அரிக்கக் கூடாதென்று ஹார்டு டிஸ்கோடு வேப்பிலை வைத்துக் கட்டிய ஆள் உலகத்திலேயே நீ ஒருவன்தான். அதற்காக உன்னை எவ்வளவு கேலி செய்திருப்பேன்!

நரிக்குடிப் பக்கத்து ஊர்க்காரர்கள் சிதைந்துபோன தங்கள் கண்மாய் மடைமுறை ஏட்டைப் படமெடுத்து வைக்க, நாம் இருவரும் நடத்திய அருப்புக்கோட்டை ஸ்கேன் கடைக்குக் கொண்டுவந்தார்கள். எந்தக் குடும்பத்துக்கு எந்த நாள் தண்ணீர் என்பது அதில் மட்டுமே இருந்தது. ஒரு பக்கம் மட்டும் எழுதிய தாள்கள், பக்க எண் கிடையாது. வாங்கும்போதே நீ தாள்களை எண்ணி எழுதிவைத்தாய். நான் ஸ்கேன் செய்தேன். ஏட்டைக் கண்மாயில் விட்டுவிடப் பெரியவர்கள் பரபரத்தார்கள். சாமி பெயரில் எழுதியது சிதைந்தால் எரிக்கக் கூடாது, தண்ணீரில்தான் விட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். "ஒவ்வொரு பக்கமா ஒத்துப் பாக்காம ஏட்ட விட்ராதீக" என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய்.

நான் எண்ணிப் பார்த்தபோது ஒரு படம் குறைந்தது. ஒட்டிக்கிடந்த இரண்டு தாள்களை ஒன்றாகப் புரட்டியிருக்கிறேன். மறுபடி முதலிலிருந்து தேட எனக்குச் சோம்பல். வேறொரு பக்கத்தின் படத்தையே இரண்டாம் முறை நடுவில் சொருகி எண்ணிக்கையைச் சரிக்கட்டினேன். "ஏலே, நான் ஒவ்வொண்ணா ஒத்துப் பாத்துட்டேன், கையெழுத்தப் போடு" என்றேன். நீ எண்ணினாய், சரியாக இருந்தது, போட்டாய். மறுநாள் ஏடு தண்ணீருக்குள் போயிற்று.

அடுத்த மழைக்கு மடை திறந்தபோது சீனிச்சாமி குடும்பத்தின் முறையைக் காணோம். படத்தில் இல்லாததை எப்படிக் கொடுப்பது என்று மற்றவர்கள் கைவிரித்தார்கள். அந்த நாள் அடுத்த முறைக்காரனுக்குப் போனது. அவன் உன் மச்சினன். இது போதாதா? "மச்சினனுக்காகப் பக்கத்தையே முழுங்கிட்டாம்யா" என்று சீனிச்சாமி கத்தினார். பிறகு ஊரே அதைப் பேசியது. அவருடைய நெல் கருகியது.

நீ படங்களைப் புரட்டி இரட்டைப் பக்கத்தைக் கண்டுபிடித்தாய். "எப்புடிலே இது வந்துச்சு?" என்று என்னைக் கேட்டாய். "மிஷின் கோளாறா இருக்கும்" என்றேன். நம்பிவிட்டாய். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம். கொஞ்சமாவது என்னைச் சந்தேகப்பட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா?

கோயில் பெட்டியின் பொறுப்பை உன்னிடமிருந்து பிடுங்கி, "நம்பிக்கையான ஆளு" என்று என்னிடம் கொடுத்தார்கள். நீ அந்த ஊர்ப்பக்கமே போகவில்லை. போன மாசியில் திருச்சுழி பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். சொல்லிவிடலாமா என்று நாளெல்லாம் புழுங்கிக்கொண்டிருந்தவனுக்கு, இனி யாரிடம் சொல்வது என்று ஒரு நிம்மதி வந்தது. நீ செத்தது எனக்கு வசதியாயிற்று. எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது.

நீ வகுத்த முறைப்படிதான் ஒவ்வொரு வருஷமும் கோப்புகளைச் சோதிக்கிறேன். ஒரு புள்ளி திரிந்தாலும் மாறிவிடுகிற நீள எண் ஒன்றை ஒவ்வொரு கோப்புக்கும் எடுத்துத் தாளில் எழுதிவைத்தாயே, அதை வைத்து இன்றும் ஒத்துப் பார்த்தேன். எல்லாம் சரி. மூன்று டிஸ்கிலும் என் பொய் ஒரு புள்ளிகூடக் கெடாமல் பத்திரமாக இருக்கிறது.

வேலை முடிந்து உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி சோறு போட்டாள். "ஊரே அவுகளக் களவாணின்னு சொல்லுச்சு. நீங்க ஒருத்தராச்சும் கடைசிவரைக்கும் மிஷின் கோளாறுன்னு சொன்னீகளேண்ணே" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நான் தலை நிமிராமல் பிசைந்துகொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன். அவள் ஊற்றினாள். சோற்றோடு சேர்த்து அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். உனக்குச் சேர வேண்டிய நல்ல பெயர் என்னிடம் இருக்கிறது.