இல்லாத பிரேக்

மார்ச் 3, திங்கள்

ஓய்வு பெற்று இன்றோடு அறுபத்திரண்டு நாள். இதுவரை சாதித்தது: சமையலறைக் குழாய் நிமிடத்துக்குப் பதினெட்டு சொட்டு விடுகிறது என்று கண்டுபிடித்தேன். மாலையில் இருபது. அந்த இரண்டு சொட்டு ஏன் கூடுகிறது என்று யோசித்ததில் ஒரு பிற்பகல் முழுசாகப் போனது. உலகம் இந்த ஆராய்ச்சியைக் கவனிக்கவில்லை. உலகத்துக்கு நஷ்டம்.

முப்பத்து நான்கு வருடம் டிரைவிங் டெஸ்ட் எடுத்தவன் நான். கோடிப் பேருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கோடி முறை எமனைக் கண்ணாடியில் பார்த்தவன். (மனைவியின் கணக்கில் முப்பதாயிரம் பேர். அவளுக்குக் கற்பனை போதாது.) அப்படிப்பட்டவன் இன்று மதியம் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க இரண்டு முறை முயற்சி செய்தேன். அசதி. ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு இவ்வளவு உழைப்பு வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லையே?

மார்ச் 4, செவ்வாய்

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மனைவியின் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு மே மாதத்தோடு ஓய்வு. விருப்பமிருந்தால் இரண்டு வருடம் நீட்டிப்பு தருகிறார்களாம்.

"இத ஏன் இன்னும் கிழிச்சுப் போடல?" என்றேன்.

"மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு."

"மே முடிஞ்சதும் நாம ரெண்டு பேரும் ராஜா ராணி மாதிரி வீட்ல..."

"அத நெனச்சாதான் பயமா இருக்கு."

சிரிக்கிறாளா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்திவிட்டு, "கீழ பாருங்க" என்றாள். பார்த்தேன். என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

தேர்வுக் காரில் எங்கள் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தப்பு செய்தால் நாங்கள் மிதிப்போம். ஓய்வு பெற்ற விஷயத்தைக் காலுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"நான் நறுக்கும்போது மிதிக்கிறீங்க. பால் பொங்குறதுக்கு முன்னாடி மிதிக்கிறீங்க. அக்காகிட்ட போன் பேசினா அதுக்கும் மிதிக்கிறீங்க."

"நான் ஒரு வார்த்தை பேசலியே!"

"பேச வேற வேணுமா? வெளிய போய் ஏதாவது கத்துக்கோங்க. இல்லன்னா நான் ரெண்டு வருஷம் எழுதிக் குடுத்துடுவேன். வெளையாட்டுக்குச் சொல்லல."

மார்ச் 7, வெள்ளி

முதியோர் பாட்டுக் குழுவில் சேர்ந்தேன். என் குரலைக் கேட்டால் கல் கரையும், மழை கொட்டும், எதிரிகள் சமாதானத்துக்கு வருவார்கள் என்று நினைத்திருந்தேன். நாற்பது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். பாட்டு அட்டையின் பின்பக்கம் எல்லோருக்கும் மதிப்பெண் போட்டிருக்கிறேன், எனக்கே தெரியாமல். குழுத் தலைவி அதைப் பார்த்துவிட்டார்.

"எனக்கு மறுபடியும் ஃபெயிலா?" என்றார்.

மறுபடியும் என்றால்? பல வருடங்களுக்கு முன் அவரை இரண்டு முறை ஃபெயிலாக்கியவன் நானாம்.

மார்ச் 10, திங்கள்

ஓவிய வகுப்பு. ஆப்பிள் வரைந்தேன். பக்கத்து அம்மாள் சொன்னார்: "முயல் ரொம்ப நல்லா வந்திருக்கு."

மார்ச் 12, புதன்

எதற்கும் போகவில்லை. மனைவி வேலைக்குக் கிளம்பும்போது தாளைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

நீச்சல் குளம். செவ்வாயும் வெள்ளியும் பதினொரு மணிக்கு அறுபது தாண்டியவர்களுக்கு வகுப்பு. ஆறு கிழவர்கள், ஐந்து கிழவிகள், அப்புறம் இளைஞனாகிய நான். சொல்லிக்கொடுக்கும் பெண் வாயிலிருந்து விசிலை எடுப்பதே இல்லை. விசிலம்மா என்று பெயர் வைத்துவிட்டேன்.

முதல் பாடம் மிதப்பது. பல் டாக்டர் ஒருவர் (ஓய்வு பெற்றவர், வயிறு மட்டும் இன்னும் பணியில்) சோபாவில் சாய்ந்த மாதிரி மிதக்கிறார். ஒரு செய்தித்தாள் கொடுத்தால் படித்து முடித்துவிட்டு மடித்தும் கொடுப்பார். நான் மல்லாந்து படுத்தேன். மூன்று விநாடி. பிறகு ஒரு கப்பலின் கம்பீரத்தோடு கால் பக்கமாக மூழ்கினேன். குளத்தில் பாதியைக் குடித்துத் தீர்த்தேன். ஐந்து முறை.

விசிலம்மா தண்ணீருக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"சார், உங்க வலது கால் எதையோ மிதிக்குது."

"பிரேக்" என்றேன். வேறு என்ன சொல்வது?

"எதுக்கு சார் பிரேக்? தண்ணி எங்க போகப் போகுது?"

மார்ச் 21, வெள்ளி

இன்றும் மூழ்கினேன். அது செய்தி இல்லை.

உடை மாற்றும் அறையில் பல் டாக்டர் தலை துவட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"உங்களுக்கு என்னைய ஞாபகம் இருக்காது. மூணு தடவை ஃபெயில் பண்ணீங்க."

"உங்களையுமா? இந்த ஊர்ல நான் பாஸ் போட்ட ஆளே கெடையாதா?"

"சிரிக்காதீங்க சார். நான் ஆயிரம் பேர் வாய்க்குள்ள கைய விட்டவன், கை நடுங்கினதில்ல. உங்க பக்கத்துல உக்காந்தப்ப நடுங்குச்சு. நீங்க ஒண்ணும் பேச மாட்டீங்க. உங்க கால் மட்டும் அசையும். அது அசைஞ்சாலே நம்ம கதை முடிஞ்சுதுன்னு தெரியும்ல?"

தெரியும். அதுதான் விதி. தேர்வாளர் பிரேக்கை மிதித்துவிட்டால் அங்கேயே தேர்வு முடிந்தது. மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் ஃபெயில். இந்த விதியை முப்பத்து நான்கு வருடம் நானே வாயால் சொல்லியிருக்கிறேன்.

வீடு வரை நடந்தே வந்தேன். கேரட். பால். அக்காவின் போன். ஒரு நாளைக்கு எத்தனை முறை அவள்... எத்தனை வருடமாக?

மார்ச் 22, சனி

காலையில் அவளிடம் கேட்டேன். மேசைக்கு அடியில் வலது காலை இடது காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் கேட்டேன்.

"பிரேக்க மிதிச்சா ஃபெயில்னு ஒரு விதி இருக்கு, தெரியுமா உனக்கு?"

"கல்யாணமான புதுசுல நீங்கதான சொன்னீங்க. பெருமையா."

"அப்ப இவ்ளோ நாள்..."

"ஆமா" என்றாள். "டம்ளர எடுங்க, மேசையத் தொடைக்கணும்."

திட்டியிருந்தால் தேவலை. பதிலுக்கு நான் நூறு சொல்லியிருப்பேன். அதில் எனக்கு நிகர் மூவுலகிலும் இல்லை. டம்ளரை எடுத்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

குளத்துக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று விசிலம்மாவிடம் போனில் பொய் சொன்னேன். பொய்யும் இல்லை. அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதன் தன் காலைத் திருத்துவதா? தலையைத் திருத்தியே யாரும் ஜெயித்ததில்லை.

தாள் அதே இடத்தில் இருக்கிறது. பேனாவை அதன் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

மார்ச் 28, வெள்ளி

வெள்ளிக்கிழமை அவளுக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. "என்னையக் குளத்துல விட்டுட்டு வரியா?" என்று கேட்டேன்.

துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அவளுக்கு லைசென்ஸ் இருக்கிறது, இருபத்திரண்டு வருடமாக. ஆஸ்பத்திரிக்கு, கடைக்கு, அக்கா வீட்டுக்கு எல்லாம் அவளே ஓட்டிப் போவாள். நான் ஏறினால் மட்டும் சாவியை என்னிடம் நீட்டிவிடுவாள். அது எனக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முட்டாள்.

காரில் ஏறினேன். செருப்பைக் கழற்றினேன். சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மேலே பெல்ட்டை மாட்டினேன்.

"இது என்ன கோலம்? தவம் பண்ணப் போறீங்களா?"

"நீ வண்டிய எடு."

பதினொரு நிமிடப் பயணம். அதில் ஏழு முறை செத்தேன், ஆறு முறைதான் பிழைத்தேன். முட்டி இரண்டும் கதறின. ஒரு திருப்பத்தில் பால் வண்டி ஒன்று என் உயிருக்கும் எனக்கும் நடுவில் புகுந்து போனது. கால் துடித்தது, ஆனால் துடிக்க இடம் இல்லை. அவள் பாட்டுக்கு ஓட்டினாள். நன்றாகவே ஓட்டுகிறாள். என்னைவிட நன்றாக என்று எழுத மனம் வரவில்லை, ஆனால் எழுதிவிட்டேன்.

இறங்க முடியவில்லை. கால் இரண்டும் மரத்துவிட்டன. அவள்தான் கையைப் பிடித்து இழுத்தாள். மரத்த காலோடு தண்ணீரில் படுத்தேன். ஆறு எண்ணும் வரை மிதந்தேன்.

விசிலம்மா விசிலை எடுத்துவிட்டுக் கை தட்டினாள்.

மார்ச் 31, திங்கள்

அவள் வேலைக்குப் போன பிறகு பார்த்தேன். ஃபிரிட்ஜ் கதவில் தாள் இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்தேன். குழாய் சொட்டியது. எண்ணவில்லை.

மாலை வந்ததும் கைப்பையிலிருந்து நகலை எடுத்து மேசையில் வைத்தாள். 'இரண்டு வருடம்' என்பதைக் குறுக்கே அடித்து, மேலே 'ஆறு மாதம்' என்று எழுதியிருந்தது.

"அது என்ன கணக்கு ஆறு மாசம்?"

"கத்துக்கிறவங்களுக்கு மொதல்ல குடுக்குற லைசென்ஸ் அவ்ளோதான செல்லும்? அது முடியட்டும், பாக்கலாம்."

"கருணையே இல்லாத அதிகாரிடி நீ."

"யார்கிட்ட கத்துக்கிட்டேன்?" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

களைப்பாக இருக்கிறது. இது வேறு மாதிரிக் களைப்பு.

ஏப்ரல் 4, வெள்ளி

அவள்தான் ஓட்டினாள். நான் சம்மணம். பாதி வழியில், "மனுஷன் மாதிரி காலத் தொங்கப் போடுங்க, முட்டி போயிடும்" என்றாள். தொங்கப் போட்டேன். இரண்டு முறை அழுத்தியது. அவள் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளத்தில் நீச்சல் தொப்பியைப் பையிலிருந்து எடுத்து மாட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். பல் டாக்டர் சிரித்ததில் கொஞ்சம் தண்ணீர்கூடக் குடித்தார். கழற்றிப் பார்த்தால் தொப்பியின் நெற்றியில் சிவப்பு மையில் பெரிதாக ஒரு 'எல்'. ஆஸ்பத்திரியில் ரத்தக் குப்பிகளில் எழுதுகிற பேனா. அந்த மை ஏழு ஜென்மத்துக்கும் அழியாது.

மறுபடி மாட்டிக்கொண்டு படுத்தேன்.

பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

கரையில் பெஞ்சில் உட்கார்ந்து அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். எப்படி உரித்தாள் என்று தெரியாது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.