நடுவில் எழுந்த மேடு

செஞ்சியில் உன் கருமாதி முடிந்த கையோடு, உன் மனைவி ஒரு கிராஃப் தாளை என்னிடம் கொடுத்தாள். உன் மளிகைக் கடையில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாயாம். பிரித்தால் பெருங்காய வாசனை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன் என்றுதானே சொன்னாய்?

பத்து வருடத்துக்கு முன்னால், அறுபத்திரண்டில், சென்னையில் ஒரே ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தோம். காந்தச் சுருளுக்குள் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒளிரும் ஹைட்ரஜன் பிளாஸ்மா. முந்தின நாள் ஹீலியம் விட்டவன் நான். வால்வைச் சரியாக மூடாமல் போனவனும் நான்தான். மறுநாள் நீ ரேடியோ அலையைச் செலுத்தினாய். ஹைட்ரஜன் அயனிக்கும் உரியதல்லாத, ஹீலியம் அயனிக்கும் உரியதல்லாத அதிர்வெண்ணில், இரண்டுக்கும் நடுவே, இந்தத் தாளில் நீ வரைந்த கோடு மேடாக எழுந்தது.

"மேல்மலையனூரு அமாவாசக் கூட்டம்டா இது," என்றாய். "பொடிசுங்க வேகமா சுத்துதுங்க, பெருசுங்க மெதுவா சுத்துதுங்க. ரெண்டும் கலந்துட்டா கூட்டத்துக்குன்னு தனியா ஒரு ஆட்டம் வந்துடுது. காந்தம் ஒன்னுதான், ஆளுங்கதான் வேற."

பேராசிரியர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. குழாயில் அழுக்கு என்று முடித்துவிட்டார். வால்வைத் திறந்து வைத்தது யார் என்பதுதான் அவருக்கு வேண்டும். என் உதவித்தொகை ஏற்கெனவே ஊசலாடிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். "நான்தான் சார்" என்றாய். அந்த வாரமே உன்னை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

உன் பெருந்தன்மையை யாரடா கேட்டார்கள்? அது அழுக்கல்ல என்று தெரிந்தும் பருப்பு நிறுக்கப் போய்விட்டாய். வெளிநாட்டில் ஒருவர் அதே மேட்டைக் கணக்குப் போட்டு எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, பதறி உனக்கு எழுதினேன். "சரக்கு வந்திருக்குது, அப்பால எழுதறேன்" என்று ஒரு கார்டு போட்டாய். அத்தோடு சரி.

தாளை மடித்துக்கொண்டே உன் மனைவியிடம் சொல்லிவிட்டேன்: "வால்வைத் திறந்து விட்டது நான்தாம்மா."

"தெரியும்ணா. கல்யாணமான புதுசுலயே சொல்ட்டாரு. நீங்க வரப்பல்லாம், இன்னிக்காவது சொல்வீங்களான்னு உங்க வாயயே பாத்துட்டு இருப்பாரு."

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா, பாவி. கேட்டிருந்தால் உன் காலில் விழுந்திருப்பேன்.

தாள் என் பையில் இருக்கிறது. திங்கட்கிழமை அதே பேராசிரியர் மேசையில் இதை வைத்துச் சொல்லப்போகிறேன். இன்றும் அவர் கீழ்தான் வேலை பார்க்கிறேன்; வேலை போனால் போகட்டும். நீ பார்த்துக்கொண்டே இருந்த வாய் இது. இப்போது திறக்கிறது, நீ இல்லை.